சரியான விடையும் உண்மையான விடையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், நம் கல்லூரி இயற்பியல் துறையின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



"சார், ஒரு மணிக்குச் சாப்பாடு, அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்று சங்கச் செயலாளர் என் காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு காலத்தில் அவருக்கு மணியடித்தவன் நான். இப்போது அவர் எனக்கு மணியடிக்கிறார். காலம் மாறிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

"மாறிவரும் வகுப்பறையில் சிந்திக்கக் கற்பித்தல்" என்று பெரிய தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். கல்வித் தத்துவம் எல்லாம் பேசுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு போதாது. எனக்குத் தெரிந்தது ஒரு லேப், ஒரு ஊசல், ஒரு சிவப்பு மைப் பேனா. முப்பத்தாறு வருஷம் இவற்றோடுதான் குடித்தனம். அதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லப் போகிறேன். பாராட்டு விழாவில் யாராவது தன் தவறைப் பேசுவார்களா என்று கேட்கலாம். இந்த வயதில் பேசாமல் எப்போது பேசுவது?

1987-ஆம் வருஷம். பி.எஸ்சி. முதலாண்டு. கூட்டு ஊசல் பரிசோதனை. இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையாகத் துளை போட்ட ஒரு நீளமான உலோகச் சட்டம். அதைக் கத்தி விளிம்பில் மாட்டி ஆட விட வேண்டும். இருபது முறை போய் வர எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளையாக மாற்றி மாற்றி அளந்து, வரைபடம் போட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். புத்தகத்தில் இருக்கும் விடை 9.8.

அன்றைக்கு ஒரு பையன் ரெக்கார்டு நோட்டை நீட்டினான். கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். அவன் வீட்டில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள். கடைசி வரியில் விடை 10.8 என்று எழுதியிருந்தான்.

நான் சிவப்பு மையால் அதை ஒரு அடி அடித்தேன். "என்னப்பா, நீ எந்தக் கிரகத்துலேர்ந்து வர்றே?" என்று கேட்டேன். லேபே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "சார், மூணு தடவை எடுத்தேன். மூணு தடவையும் இதுதான் சார் வந்துச்சு" என்றான்.

"போய் ஒழுங்கா எழுதிட்டு வா."

மறுநாள் காலை வந்தான். 9.81. ரீடிங் எல்லாம் பொட்டு வைத்த மாதிரி அழகாக இருந்தன. நான் கையெழுத்துப் போட்டேன். 'குட்' என்றும் எழுதினேன். அளந்ததைச் சொன்ன நாளில் திட்டு, அளக்காததைச் சொன்ன நாளில் 'குட்'. அதன் பிறகு மூன்று வருஷத்தில் அந்தப் பையன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. ஒழுங்கான பையன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்கள் எல்லாம் செய்தவர்கள்தான்! சீனியர் ரெக்கார்டை வாங்கி, விடையிலிருந்து பின்பக்கமாக நடந்து ரீடிங் எழுதுவது நம் லேபின் பரம்பரைக் கலை. 1974-இல் இதே கட்டடத்தில் மாணவனாக இருந்தபோது நானும் செய்தவன்தான். அதனால்தான் அது தப்பு என்றே எனக்கு உறைக்கவில்லை.

இனி 1995-க்கு வருகிறேன். அந்த வருஷம் செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடு முழுவதும் கோயில்களில் கூட்டம். உங்களில் பலர் ஸ்பூனும் டம்ளருமாக வரிசையில் நின்றிருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் போனார்கள். மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான். "சார், நிஜமாவே குடிச்சாரா?"

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு உள்ளுக்குள் உதறல். ஆமாம் என்றால் இயற்பியல் போச்சு. இல்லை என்றால் நாளைக்கு யாராவது வீட்டிலிருந்து சண்டைக்கு வருவார்கள். "இது சிலபஸ்ல இல்லை, உட்கார்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தால், நானே என் கையால் எழுதிய தலைப்பு: பரப்பு இழுவிசை. அதற்கு மேல் சிலபஸில் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஹாஸ்டல் சமையற்கட்டிலிருந்து ஒரு குழவிக்கல்லைத் தூக்கி வரச் சொன்னேன். தண்ணீர் ஊற்றி நனைத்தோம். பாலில் கொஞ்சம் குங்குமம் கலந்தோம். ஸ்பூன் நிறையப் பாலை எடுத்து, விளிம்பைக் கல்லின் ஈரத்தில் தொட்டுப் பிடித்தோம். பால் குறைந்தது. குழவிக்கல்லும் பால் குடித்தது! எங்கே போனது என்று பார்த்தால், கல்லை ஒட்டி நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பூனில் முட்டி நிற்கும் பாலைப் பரப்பு இழுவிசை ஈரக்கல்லோடு சேர்த்து இழுக்கிறது. அப்புறம் அது மெல்லிய படலமாக வழிந்து போகிறது. நிறம் கலக்காவிட்டால், வெள்ளைப் பளிங்குச் சிலையில் அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. டெல்லியில் அறிவியல் துறையினரும் பாலில் நிறம் கலந்துதான் இதைக் காட்டினார்கள்.

அப்போது ஒரு மாணவி கேட்டார்: "அப்படின்னா சாமி இல்லையா சார்?"

"சாமி இருக்கா இல்லையான்னு இந்த ஸ்பூன் சொல்லாதும்மா. பால் எங்கே போச்சுன்னு மட்டும்தான் சொல்லும்."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. ஏதோ வாயில் வந்தது. ஆனால் பிற்பாடு நினைக்க நினைக்க, சிந்திக்கக் கற்பித்தல் என்பதே இதுதான் என்று தோன்றியது. ஒரு சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நம் அரசியல் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம், அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமைகளில் ஒன்றாக 51ஏ பிரிவில் சேர்த்தது. கடமை எழுதி வைத்தாயிற்று. அதைச் செய்ய ஒரு குழவிக்கல் போதும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வகுப்பின் குணம் மாறியது. பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. "தெரியலப்பா, பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லப் பழகினேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு புரளவில்லை. பத்தாவது தடவை பழகிவிட்டது.

அடுத்த வருஷம், 1996. அதே லேப், அதே கூட்டு ஊசல். சட்டத்தை ஆட விட்டுவிட்டு ஒரு மாணவி கேட்டார்: "சார், ஒன்னுன்னு சொல்லும்போதே வாட்ச்சை அமுக்கணுமா, இல்லே ஒரு ஆட்டம் முடிஞ்சப்பறம் ஒன்னு சொல்லணுமா?"

சாதாரணக் கேள்வி. ஆனால் எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாட்ச்சை அமுக்கும்போதே 'ஒன்று' என்று எண்ண ஆரம்பித்து, 'இருபது' என்று சொல்லும்போது நிறுத்தினால், ஊசல் உண்மையில் ஆடியது பத்தொன்பது முறைதான். பூஜ்யத்திலிருந்து எண்ணியிருக்க வேண்டும். பத்தொன்பது ஆட்டத்தின் நேரத்தை இருபதால் வகுத்தால் அலைவு நேரம் இருபதில் ஒரு பங்கு குறையும். அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம். அப்போது 9.78 வர வேண்டிய இடத்தில் என்ன வரும் தெரியுமா? 10.84.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அடித்துப்போட்ட 10.8!

பையன் அளந்தது சரி. வாட்ச் சரி. வரைபடம் சரி. மூன்று தடவை எடுத்தும் அதே விடை வந்ததென்றால், தவறு எங்கோ ஒரே இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அவனே எனக்குச் சொன்னான். பக்கத்தில் நின்று, "எங்கே, ஒரு தடவை எண்ணு பார்ப்போம்" என்று நான் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் பிடித்திருக்கலாம். அந்த இரண்டு நிமிஷத்தில் அவன் வாழ்நாளுக்கும் மறக்காத பாடம் ஒன்று கற்றிருப்பான். நான் கற்றுக்கொடுத்தது வேறு பாடம்: வாத்தியாருக்குப் பிடித்த விடையை எழுது.

இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். எல்லாரும் எழுதிய அந்த 9.81 இருக்கிறதே, அது எந்த ஊர் மதிப்பு? பூமி சுழல்வதாலும், நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும் புவியீர்ப்பு முடுக்கம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. லண்டனில் 9.81. 1901-இல் கூடிய உலக அளவியல் மாநாடு பொதுவான ஒரு மதிப்பாக 9.80665 என்று நிர்ணயித்தது. நம் தமிழ்நாட்டு மண்ணில் ஏறக்குறைய 9.78. ஆக, நம் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்துகொண்டு லண்டன் மண்ணை அளந்து கொடுத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்!

எங்கள் சட்டத்தையும் ஸ்டாப் வாட்ச்சையும் வைத்துக்கொண்டு 9.78-க்கும் 9.81-க்கும் உள்ள வித்தியாசத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. அது வேறு விஷயம். ஆனால் 42 பேர் நேர்மையாக அளந்தால் 9.6, 9.7, 9.9 என்று சிதறித்தான் வரும். 42 பேருக்கும் 9.81 வந்தால், அன்றைக்கு யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம்.

இது பழைய கதை, இன்றைய வகுப்பறைக்கு இதில் என்ன என்று பின் வரிசை நினைக்கலாம். சொல்கிறேன்.

வகுப்பறை மாறத்தான் செய்திருக்கிறது. 2018-19 கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வர ஆரம்பித்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு வந்தது. 2020-இல் கொரோனா வந்து எல்லாக் கதவையும் சாத்தியபோது, வாத்தியார் போனுக்குள் வந்துவிட்டார். 2022 மார்ச்சில் வேலைத்திறன் பயிற்சிக்காக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அதே வருஷம் நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. கேட்டால் கட்டுரை எழுதுகிறது, கணக்குப் போடுகிறது, ரீடிங் கூட எழுதிக்கொடுக்கிறது.

சமீபத்தில் துறைத் தலைவர் அழைத்ததால் ஒரு நாள் லேபுக்குப் போனேன். "சார், அசைன்மென்ட் எல்லாம் மெஷின் எழுதினதுதான், என்ன செய்யறதுன்னே தெரியலை" என்று வருத்தப்பட்டார். நான் சொன்னேன்: "மெஷினைக் கோவிச்சு என்னங்க பிரயோஜனம்? அளக்காம 9.81 எழுதுறதுக்கு 'குட்' போட்டுப் பழக்கினது நாமதானே. சீனியர் ரெக்கார்டுக்குப் பதிலா இப்ப போன். அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்றைக்கு ஒரு காரியம் செய்தோம். மாணவர்களையே போனில் கேட்கச் சொன்னேன்: ஊசல் பரிசோதனைக்கு ரீடிங் அட்டவணை கொடு என்று. நொடியில் வந்தது. கணக்குப் போட்டால் 9.81. பிறகு வராந்தா உத்தரத்தில் ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். பூஜ்யத்திலிருந்து எண்ணி எல்லாரும் அளந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விடை. "சார், மெஷின் கொடுத்தது சுத்தமா இருக்கு, எங்களுது அசிங்கமா இருக்கு" என்றான் ஒருவன். "ரெண்டுல எது நம்ம ஊர்ல நடந்தது?" என்று கேட்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் அதே போனை வேறு வேலைக்கு எடுத்தோம். ஒரு குழு ஊசலை மெதுவான வீடியோவாக எடுத்து எண்ணியது. இன்னொரு குழு எல்லா ரீடிங்கையும் எக்செல்லில் போட்டுச் சராசரியும் சிதறலும் பார்த்தது. ஜெர்மனியில் ஆகென் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. போனுக்குள் இருக்கும் உணர்விகளையே அளவுக் கருவியாக்கித் தருகிறது. ஒரு மாணவி அதைத் தன் போனில் போட்டு எனக்குக் காட்டிக்கொடுத்தார். எழுபது வயதில் நான் மாணவன். நவீனத் திறன் என்பது இதுதான் என்று நினைக்கிறேன். கருவி எதுவானாலும், அது சொல்வதை நம் கையால் ஒரு தடவை சரிபார்க்கத் தெரிவது.

இது லேபுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வங்கியில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாள் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் இடித்தால், பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. எந்த வவுச்சரில் இடித்தது என்று தேட வேண்டும். 2024-இல் நாடெங்கும் பேசப்பட்ட 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் போலீஸ் உடுப்பில் ஒருவன் மிரட்டினான் என்று பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர் சேமிப்பை இழந்தார்கள்! அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. "நீங்க சொல்றது உண்மைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி கேட்கப் பழகியிருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள். பெரியவர் சொன்னால் கேள்வி கேட்கக் கூடாது என்று பழக்கியது நம் வகுப்பறை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனப்பாடமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாய்ப்பாடு தெரியாதவனுக்குக் கால்குலேட்டர் தப்புக் காட்டினால் தெரியாது. 9.8 என்று ஒரு எண் மனதில் இருந்தால்தான் 10.8 வரும்போது புருவம் உயரும். அந்த நேரத்தில் விடையை மாற்றுவதா, காரணத்தைத் தேடுவதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கு உள்ள கஷ்டம் எனக்குத் தெரியும். அறுபது பேர் வகுப்பு, முடிக்க வேண்டிய சிலபஸ், செமஸ்டர் தேர்வு, தொகுப்பூதியம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள். அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மூன்று சின்ன விஷயம். ஒன்று, லேபில் விடைக்கு மார்க் போடாதீர்கள். ரீடிங்குக்கும், விடை ஏன் விலகியது என்று எழுதும் நாலு வரிக்கும் போடுங்கள். இரண்டு, மெஷின் தந்த பதிலையே வகுப்பில் கொடுத்து, இதில் எது தவறு, எதைச் சரிபார்க்க முடியாது என்று கேளுங்கள். மூன்று, கேள்வியைத் தமிழில் கேட்க விடுங்கள். தமிழ் வழியில் வந்த பிள்ளைக்குச் சந்தேகம் தமிழில்தான் வரும். அதை ஆங்கிலமாக்கி முடிப்பதற்குள் மணியடித்துவிடுகிறது; கேள்வியும் செத்துவிடுகிறது.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்மார்ட் போர்டு வாங்கித் தந்தீர்கள், மிக்க சந்தோஷம். இனி வருஷத்தில் ஒரு மதியம் தாருங்கள். வந்து உங்கள் வெற்றிக் கதையைச் சொல்ல வேண்டாம், அது மலரிலேயே வந்துவிடுகிறது. உங்கள் வேலையில் நீங்கள் செய்த ஒரு தவறை, அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரே வரி. தப்பாக வந்த ரீடிங்கை அழிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

அந்தப் பையனின் பெயரை மேடையில் சொல்லப் போவதில்லை. 1990-இல் பட்டம் வாங்கிப் போனவர் இதுவரை எந்தச் சந்திப்புக்கும் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று நான் யூகிப்பது தவறாகவும் இருக்கலாம். அந்த பேட்ச்காரர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். யாருக்காவது அவரோடு தொடர்பு இருந்தால், நான் சொன்னதாக ஒரு சேதி சொல்லிவிடுங்கள்: "நீ ஒழுங்காத்தாம்பா அளந்திருக்கே. எண்ணிக்கையில ஒன்னு குறைஞ்சு போச்சு, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்க வேண்டியது வாத்தியார் வேலை. அன்னிக்கு அவர் அதைச் செய்யலை."